குட்டி நீராவி எஞ்சின் சுற்ற மறுத்தால்

ஹட்டன் பக்கம் மழைக்காலத்தில் மாடல் எஞ்சினை ஓட்டிவிட்டு ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் சில நாளிலேயே ஃப்ளைவீல் (சுற்றும் கனமான சக்கரம்) தண்டில் துரு பூத்துவிடும். அதனால் தீயை அணைத்துக் கொஞ்சம் ஆறியதும் துணியால் துடைத்து, பிஸ்டன் கம்பிக்கும் பேரிங்குக்கும் ஒவ்வொரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பொயிலர் முழுக்க ஆறிய பிறகு மிச்சத் தண்ணீரைக் கொட்டி, மூடியைத் திறந்தே வையுங்கள்.

சுற்றவில்லையா? பெரும்பாலும் குளிர்ந்த சிலிண்டருக்குள் தங்கிய தண்ணீர்தான் காரணம். ஆவி வந்ததும் ஃப்ளைவீலை விரலால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள், வெளிக்குழாயில் முதலில் வெந்நீர் துப்பும், அப்புறம் வெறும் ஆவி வரும், அந்த நேரத்தில் தானாகவே ஓடத் தொடங்கும். முரட்டுத்தனமாகத் திருப்பினால் கம்பி வளையும்.

ஆடும் சிலிண்டர் வகையில், அதாவது சிலிண்டரே இருபுறமும் அசையும் எஞ்சினில், பக்கவாட்டில் புஸ்ஸென்று ஆவி கசிந்தால் சிலிண்டரை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் நட்டைக் கால் சுற்று இறுக்கினால் போதும்.

நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும், ஆனாலும் மூடிய பொயிலரில் அழுத்தம் ஏறத்தான் செய்யும். தீ மூட்டுமுன் சேஃப்டி வால்வை (அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியே விடும் அடைப்பு) இழுத்துப் பாருங்கள். ஒட்டியிருந்தால் அன்றைக்கு ஓட்டவே கூடாது. தண்ணீர் வற்றவும் விடாதீர்கள், ஈயப்பற்று வைத்த பொயிலர் என்றால் பற்று உருகி மூட்டுகள் விட்டுவிடும்.