டிமென்ஷியா வந்தவரை, அவரிடமே கேட்டுக் கவனித்துக்கொள்வது எப்படி?

அத்தைக்கு (என் மாமியார்) டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் நோய், என்று தெரிந்த பிறகு, எத்தனை மணிக்குக் குளிக்க வைப்பது, ராத்திரி கூட யார் படுப்பது என்று அவர் உட்கார்ந்திருக்கும் ஹாலிலேயே நாங்களாக முடிவு செய்வோம். அவரை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டால் மட்டும் என்ன சொல்லிவிடப் போகிறார் என்ற நினைப்புதான், அது எவ்வளவு தப்பு என்று இப்போது தெரிகிறது.

எங்களுக்குக் கைகொடுத்தது படம் வைத்துக் கேட்கும் முறை. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் 1990களில் பேச்சுச் சிரமம் உள்ளவர்களுக்காக ‘டாக்கிங் மேட்ஸ்’ என்று உருவாக்கினார்கள், பிறகு டிமென்ஷியா உள்ளவர்களிடமும் பயன்படுத்தினார்கள். அதைப் பார்த்து நான் வீட்டுக்கு ஏற்றபடி செய்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. நேரம் பாருங்கள். பலருக்குச் சாயங்காலம் ஆக ஆகக் குழப்பம் கூடும், அதனால் காலை டிபன் முடிந்து கொஞ்சம் தெளிவாக இருக்கும் நேரம் நல்லது. டிவியை அணைத்துவிடுங்கள். கண்ணாடி, காது மெஷின் இருந்தால் போட்டுவிட்டு, நின்றுகொண்டு கேட்காமல் எதிரே உட்காருங்கள். கேட்பது ஒருவர் மட்டும். (ஒரே நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால் இதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள், சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம்.)

2. படங்கள். உங்கள் வீட்டுப் பொருள்களையே போனில் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போடுங்கள். அவருடைய டம்ளர், அவருடைய கட்டில், உங்கள் வீட்டுக் குளியலறை. ஒரு நாளைக்கு ஒரு விஷயம், எட்டுப் பத்துப் படம் போதும். ஒரு துண்டை விரித்து, அதன் மேல் ஓரத்தில் காகிதத்தில் வரைந்த மூன்று முகங்களை வையுங்கள்: பிடிக்கும், சுமார், பிடிக்காது. ஒவ்வொரு படத்தையும் அவர் எந்த முகத்தின் பக்கம் வைக்கிறாரோ, அதுதான் பதில்.

3. கேட்கும் விதம். முக்கியமான இடம் இதுதான், நான் அதிகம் தடுமாறியதும் இங்கேதான். “இது பிடிக்கும்ல?” என்று கேட்டால் யாராக இருந்தாலும் தலையாட்டிவிடுவார்கள். “ஞாபகம் இருக்கா?” என்று கேட்டால் பரீட்சை மாதிரி ஆகி முகம் வாடிவிடும். படத்தைக் கையில் கொடுத்து “இது எப்படி அத்தை?” என்று மட்டும் கேளுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், ஏனென்றால் அந்த அமைதியில்தான் பதில் தயாராகிறது, நாம் அவசரப்பட்டு இன்னொரு கேள்வி கேட்டால் முதல் கேள்வியும் போய்விடும். எளிதான படங்களை முதலில் வையுங்கள்.

குளிக்கச் சொன்னாலே அடம் என்று மாதக்கணக்கில் போராடியிருக்கிறோம். அத்தை ஷவர் படத்தைப் ‘பிடிக்காது’ பக்கம் தள்ளிவிட்டு, வாளியையும் சொம்பையும் ‘பிடிக்கும்’ பக்கம் வைத்தார். தலையில் திடீரென்று தண்ணீர் கொட்டுவதுதான் பயம், குளியல் இல்லை. மறுநாள் வாளி வைத்தோம், அவரே மொண்டு ஊற்றிக்கொண்டார்.

4. இன்னொரு நாள் மறுபடி கேளுங்கள், படங்களின் வரிசையை மாற்றி. அதே பதில் வந்தால் அதைப் போட்டோ எடுத்து, தேதி போட்டு, ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பகலில் பார்த்துக்கொள்ள வருபவரும் பார்க்கட்டும். அவர் சொன்னதில் ஒன்றையாவது அன்றைக்கே செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எதற்குக் கேட்டோம்?

சொன்னது ஆபத்தானதாக இருந்தால்? தனியாகக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். கதவைப் பூட்டவில்லை, பத்தடி பின்னால் நான் நடக்கிறேன்.

5. ஆரம்ப நிலை என்றால் எழுதியும் வைத்துவிடுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 படி, தனக்கு எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேசலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அவருக்குப் புரிந்து முடிவெடுக்கும் தெளிவு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

6. பேச்சு குறைந்துவிட்டால் உடம்பைப் பாருங்கள். உதட்டை இறுக்கிக்கொள்வது, கையைத் தட்டிவிடுவது, தலையைத் திருப்புவது எல்லாமே பதில்தான். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே படங்களை மறுபடி வையுங்கள், விருப்பம் மாறும். போன தடவை ‘சுமார்’ பக்கம் இருந்த வாசல் திண்ணையை இந்தத் தடவை அத்தை ‘பிடிக்கும்’ பக்கம் நகர்த்தினார், இப்போது காலை காபி அவருக்கு அங்கேதான்.