இரண்டு பிள்ளைகளும் கல்லூரியில் இருந்தால் ஃபாஃப்சா நிரப்புவது எப்படி?

ஃபாஃப்சா என்பது அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கான அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் படிவம். அங்கே மூத்தவள் கல்லூரியில், இளையவன் பன்னிரண்டாம் வகுப்பில் என்றிருக்கும் வீடுகளில் இரண்டு கவலைகள் உண்டு. ரெண்டு பேருக்கும் எப்படிக் கட்டுவது? 401கே ஓய்வூதியக் கணக்கில் சேர்த்த பணத்தைப் பார்த்துவிட்டு உதவித்தொகை இல்லை என்பார்களா? இரண்டாவது கவலை பெரும்பாலும் வேண்டாதது. முதலாவது நியாயமானது.

1. கணக்கு தொடங்குங்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் ஸ்டூடன்ட்எய்ட் தளத்தில் பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. வருமான வரியைக் கணவன் மனைவி சேர்ந்தே தாக்கல் செய்திருந்தால் ஒருவர் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம், அதுவும் ஆண்டுதோறும். பிள்ளை குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருக்க வேண்டும். பெற்றோர் எச்1பி வேலை விசாவில் இருந்தாலும் தடையில்லை.

2. சொத்துக் கேள்வியில் நிதானம் தேவை. அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். "முதலீடுகளின் நிகர மதிப்பு" என்ற கட்டத்தில் 401கே, 403பி, ஐஆர்ஏ, ராத் ஐஆர்ஏ போன்ற ஓய்வூதியக் கணக்கு எதையும் சேர்க்கக் கூடாது. குடியிருக்கும் வீடும் வேண்டாம். தெரியாமல் 2,00,000 டாலர் ஓய்வூதியச் சேமிப்பை அதில் போட்டுவிட்டால், பெற்றோர் சொத்துக்கு உச்சபட்ச விகிதமான 5.64 சதவீதப்படி 11,280 டாலர் வரை உங்களால் கட்ட முடியும் என்று கணக்கு ஏறிவிடும். போட்டிருந்தால் இன்றே உள்ளே போய்த் திருத்துங்கள்.

சொத்தாகக் காட்ட வேண்டியவை: வங்கி இருப்பு, பங்குகள், இரண்டாவது வீடு. சென்னையில் வாடகைக்கு விட்டிருக்கும் ஃப்ளாட்டும் இதில் அடங்கும். 529 என்ற கல்விச் சேமிப்புத் திட்டத்தில், விண்ணப்பிக்கும் பிள்ளையின் பெயரில் இருப்பதை மட்டும் காட்டினால் போதும். தம்பி தங்கையுடையது வேண்டாம்.

3. ஓய்வூதியப் பணத்தை எடுக்காதீர்கள். கணக்குக்குள் இருக்கும்வரை அது சொத்தாகப் பார்க்கப்படாது. வெளியே எடுத்தால் வருமானமாகிவிடும். 2026-27 விண்ணப்பத்துக்கு 2024-ம் ஆண்டின் வரிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். ஆக, இன்று எடுக்கும் பணம் இரண்டு வருடம் கழித்து இளையவனின் உதவித்தொகையைக் குறைக்கும். பெற்றோர் வருமானத்தின் மேல்தட்டில் 47 சதவீதம் வரை கணக்கில் எடுக்கிறார்கள். சொத்துக்கான விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. உடன்பிறந்தோர் சலுகை போய்விட்டது. முன்பு பெற்றோர் பங்கு 24,000 டாலர் என்றால், இருவர் படிக்கும்போது ஆளுக்கு 12,000 என்று பிரியும். 2024-25 முதல் ஆளுக்கு 24,000. எத்தனை பேர் கல்லூரியில் என்று இப்போதும் கேட்கிறார்கள், ஆனால் சூத்திரத்தில் அதற்கு இடமில்லை. நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு இது பெரிய அடி என்றே நினைக்கிறேன்.

5. சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் கேட்கும் கல்லூரிகளைப் பாருங்கள். பெரும்பாலும் தனியார் கல்லூரிகள். தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுக்க இந்தத் தனிப் படிவத்தைக் கேட்பார்கள். இவற்றில் பல, இருவர் படிப்பதை இன்னும் கணக்கில் எடுக்கின்றன. ஓய்வூதியத் தொகையைக் கேட்டாலும் பொதுவாக அதைச் சேர்ப்பதில்லை. வீட்டு மதிப்பைச் சில கல்லூரிகள் பார்க்கும். உதவித்தொகை போக எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் இருக்கும்; அதில் உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

6. கடிதம் எழுதுங்கள். கூச்சப்பட வேண்டாம். "ப்ரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட் ரிவ்யூ" வேண்டும் என்று அந்தப் பெயரிலேயே நிதி உதவி அலுவலகத்திடம் கேளுங்கள். குடும்பத்தில் இன்னொருவரும் கல்லூரியில் படிப்பதைத் தனிச் சூழ்நிலையாகக் கருத அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. ஒரு பக்கம் போதும்: மூத்தவள் எங்கே படிக்கிறாள், உதவித்தொகை போக இந்த ஆண்டு அவளுக்குக் கட்டுவது எவ்வளவு, இளையவனுக்கு உங்களால் முடிவது எவ்வளவு. அவளுடைய சேர்க்கைச் சான்றையும் கட்டண ரசீதையும் இணையுங்கள்.

கல்லூரி எடுப்பதே முடிவு. கல்வித் துறையிடம் மேல்முறையீடு கிடையாது. ஒரு கல்லூரி மறுப்பதை இன்னொன்று ஏற்கலாம் என்பதால், இருவரின் கல்லூரிகளுக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.