எட்டுக்கால் சிப்பை ஹாட் ஏர் இல்லாமல் மாற்றியது

பழைய ரவுட்டர். பவர் விளக்கு எரியும், அதோடு சரி. ஃபிளாஷ் மெமரி சிப் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும். இதற்கு வழக்கமான ஹாட் ஏர், அதாவது சூடான காற்று ஊதும் கருவி, இல்லை. கையில் இருந்தது சாதாரண சால்டரிங் அயர்ன்தான்.

உருகிய சால்டரை எடுக்கும் உறிஞ்சி, செம்புப் பின்னல் இரண்டும் பலிக்கவில்லை. மற்ற கால்கள் விட்டுக்கொடுத்தாலும் நான்காவது கால் அசையாது. அது கிரவுண்ட் (மின்சுற்றின் பொதுத் தரை இணைப்பு), போர்டின் செம்புப் பரப்பு சூட்டையெல்லாம் குடித்துவிடுகிறது. ஈயமில்லா சால்டர் உருகவே 217 டிகிரி வேண்டும், அது வேறு.

கடைசியில் சால்டரை எடுப்பதை விட்டுவிட்டு, இன்னும் சேர்த்தேன். 183 டிகிரியில் உருகும் 63/37 ஈய சால்டரை (63% வெள்ளீயம், 37% ஈயம்) இரண்டு வரிசையிலும் தாராளமாக அப்பி, ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாகப் பரவி ஒட்ட உதவும் பசை) தடவி, பட்டை முனையால் மாறி மாறிச் சூடாக்கினேன். எல்லாக் காலிலும் சால்டர் ஒன்றாக உருகி நின்றதும் சிப் தானாக வழுக்கி வந்தது. இழுத்திருந்தால் பேடும் (போர்டில் கால் ஒட்டும் செம்புத் திட்டு) கூடவே பெயர்ந்திருக்கும்.

ஃபர்ம்வேர் (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) ஏற்றிய புதுச் சிப்பை வைத்தும் ரவுட்டர் எழவில்லை. இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் மீட்டரில் எல்லாக் காலிலும் பீப் வருகிறது! அப்புறம்தான் பிடிபட்டது: மீட்டர் முனை அழுத்தும்போது மட்டும் ஆறாவது கால், அதாவது கிளாக் (சிப்புக்குத் தாளம் தரும் சிக்னல்), பேடைத் தொடுகிறது. காலின் மேல்வளைவில் அழுத்தாமல் வைத்தால் பீப் இல்லை. கொஞ்சம் ஃபிளக்ஸ் விட்டு அயர்னால் ஒரு தொடு, ரவுட்டர் எழுந்துவிட்டது.