சின்ன வேலைதானே? ஊர்த் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர் முன்பள்ளிக்கு வேலி அடிப்பதென்று கூட்டத்தில் முடிவானபோது எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "இரண்டு கிழமையில முடிச்சிடலாம்." சுற்றளவு 200 அடி. எட்டடிக்கு ஒரு கொங்கிரீட் தூண் என்றால் 25 தூண், ஐந்து வரி முட்கம்பி. கட்டாக்காலி மாடு உள்ளே வராவிட்டால் போதும். புரட்டாதியில் தொடங்கினோம். கடைசிக் கம்பியை முறுக்கியது தை பிறந்த பிறகு.

கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளராக இருந்து இப்படி ஏழெட்டு வேலை பார்த்திருக்கிறேன். கிணறு இறைத்தது, சனசமூக நிலையத்துக் கூரைத்தகடு மாற்றியது என்று எல்லாம் சின்ன வேலைகள்தான். சுணங்கினவற்றில் முக்கால்வாசி ஒரே காரணத்தால் சுணங்கின. வேலை செய்கிற நாளை எண்ணினோம், காத்திருக்கிற நாளை எண்ணவில்லை.

அந்த வேலியையே பாருங்கள். குழி வெட்ட ஒரு நாள், தூண் நட இரண்டு நாள், கம்பி இழுக்க இரண்டு நாள். தூண் வார்க்கிறதையும் சேர்த்தால் ஒரு கிழமை வேலை. மிச்சமெல்லாம் காத்திருப்பு. மதிப்பீடு போட தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும், அவருக்குப் பார்க்க ஊர் ஒன்றா இரண்டா? மணலுக்கு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும், பொருளாளரோ மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மன்னார் போய்விட்டார். தூண் வார்த்தால் அச்சைக் கழற்றிய கையோடு நட முடியாது. ஒரு கிழமையாவது காயவிடாமல் தண்ணீர் விட வேண்டும், கொங்கிரீட் கணக்குப்படி பலம் பிடிக்க 28 நாள். நாங்கள் அவசரத்தில் மூன்றாம் நாளே தூக்கினோம். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும்போது இரண்டு தூண் நடுவால் முறிந்தன.

இப்போது கொப்பியில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் இரண்டு எண் எழுதுகிறேன்: செய்ய எத்தனை நாள், அதற்கு முதல் காத்திருக்க எத்தனை நாள். இரண்டாவது எண் பெரிதாக இருப்பதை முதல் நாளே தொடக்கிவிட வேண்டும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். கண்ணுக்குத் தெரிகிற வேலை என்று சிரமதானம் வைத்துக் குழியை முதலில் வெட்டினோம். ஐப்பசி மழையில் 25 குழியும் தூர்ந்தன, தவளைகளுக்குத்தான் வாய்த்தது.

மழையைக் குறை சொல்ல முடியாது, அது தன் காலத்தில்தான் வந்தது. வன்னியில் சுவர்க் கலண்டரோடு வயலையும் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும், அந்த மழையை நம்பிச் செய்கிற காலபோக நெல்லும். தை, மாசியில் அறுவடை, கூலிக்கு ஒரு ஆளும் அகப்படாது. முல்லைத்தீவுப் பக்கம் என்றால் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் என்று கோடையிலும் நெல் விதைக்கிற ஊர்களுக்குக் கணக்கு இன்னும் வேறு. அரசாங்கக் காசுக்கோ டிசம்பர் 31 உடன் ஆண்டு முடிகிறது. ஆனி, ஆடி, ஆவணி என்று நிலம் காய்ந்து கிடக்கிற மாதங்களைக் கடிதம் எழுதியே கழித்துவிட்டு, கொட்டுகிற மழைக்குள் கொங்கிரீட் போடுகிறோம். கடிதத்தை மாசியில் எழுதினால் என்ன? இதை நான் கூட்டங்களில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

சீமெந்திலும் ஒரு பாடம் படித்தோம். விலை ஏறப்போகுது என்று ஒருவர் சொல்ல, 12 பை ஒரேயடியாக வாங்கி முன்பள்ளி அறையில் வெறுந்தரையில் சுவரோடு அடுக்கினோம். மணல் வந்து சேர்ந்த அன்று மேசன் அண்ணை அடியிலிருந்த பையை விரல் மொளியால் தட்டிப் பார்த்தார். கல்லில் தட்டின சத்தம். "தம்பி, இது சீமெந்தில்லை, அத்திவாரக் கல்லு" என்றார். நாலு பை போச்சு. மரப்பலகை போட்டு, சுவரில் முட்டாமல் அடுக்கியிருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கும். வேலை நாள் உறுதியான பிறகு வாங்குவதே உத்தமம்.

ஆனால் எங்கள் ஊரில் சண்டை வந்தது சீமெந்தால் அல்ல, படலையால். கம்பி இழுத்து முடிந்த அன்று ஆசிரியை வந்து பார்த்தார். "அப்ப படலை?" என்று கேட்டார். வேலி என்றால் படலையும் சேர்த்துத்தானே என்று அவர் நினைத்திருந்தார். மதிப்பீட்டில் படலை இல்லை, காசும் இல்லை. மாடுகளுக்கு அந்த ஒரு இடைவெளி போதும். இரண்டு கிழமை தென்னோலைக் கிடுகால் மறைத்து வைத்திருந்தோம். தொடங்க முதலே "வேலை முடிந்தது என்றால் இவ்வளவும் இருக்கும்" என்று ஐந்தாறு வரி எழுதி, பாவிக்கப் போகிறவருக்கு வாசித்துக் காட்டியிருந்தால் இந்தக் கேள்வி புரட்டாதியிலேயே வந்திருக்கும். எதெல்லாம் இதில் இல்லை என்பதையும் எழுத வேண்டும், அதுதான் ஆட்களுக்குக் கசக்கும்.

"எல்லாரும் சேர்ந்து பாப்பம்" என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு இப்போது பயம். எல்லாரும் பார்க்கிற வேலையை ஒருத்தரும் பார்ப்பதில்லை. மணலுக்கு ஒருவர், கம்பிக்கு ஒருவர் என்று பெயர் போடுங்கள். இரண்டு பெயர் போட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

மாறாக, மிதமிஞ்சித் திட்டமிடுவதும் ஒரு வருத்தம்தான். நூறு வருடத்துக்கு முதல் ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் பரவலாக்கிய, எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று கோடுகளால் காட்டுகிற அட்டவணையை ஒரு பயிற்சியில் எங்களுக்கு எக்செலில் போடப் பழக்கினார்கள். தொழிற்சாலைக்கும் பெரிய கட்டடத்துக்கும் அருமையான சாமான். எங்கள் வேலிக்கு 60 வரி வந்தது. நிரப்பின பொடியன் கொழும்புக்கு வேலைக்குப் போக, கோப்பும் அவனோடு போனது. வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் "கம்பி வந்திட்டுதா?" என்ற கேள்வி புதைந்துபோகும். முன்பள்ளிச் சுவரில் ஒரு பிறிஸ்டல் போட் (தடித்த காகித அட்டை) ஒட்டி வேலை, பெயர், திகதி என்று மூன்று நிரல் கீறினோம். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற தாய்மார் அதைப் பார்த்துவிட்டு உரிய ஆளை வழியில் மறித்துக் கேட்டார்கள். அதுக்குப் பிறகு வேலை ஓடினது.

காசு விஷயத்தில் ஒன்று மட்டும். சில கடைகள் தருகிற வழுவழுப்பான பற்றுச்சீட்டு எங்கள் வெயிலுக்கு சில மாதத்தில் வெளிறி வெள்ளைத்தாள் ஆகிவிடும். வாங்கின அன்றே போட்டோப்பிரதி எடுத்து அதன் பின்னால் எதற்கு வாங்கினது என்று எழுதி வையுங்கள்.

வேலை முடிந்த பிறகும் ஒரு கூட்டம் வையுங்கள், பத்து நிமிடம் போதும். எங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: மிச்சம் முட்கம்பி அரைச் சுருள், தலைவர் வீட்டில். தூண் அச்சு இரண்டு, பக்கத்து ஊர்ச் சங்கம் இரவல் கொண்டுபோயிருக்கு. படலைத் திறப்பு இரண்டு, ஒன்று ஆசிரியையிடம், மற்றது பக்கத்து வீட்டு அம்மாவிடம்.