தீவுச் சுற்றுலாக் கணக்கு: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

சுற்றுலாப் புள்ளிவிவரங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு. புதிதாகச் சேருகிறவர்கள் வருடம் தவறாமல் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கூட்டல் பிழைகளை விட்டுவிடுவோம், அதை எக்செல் பார்த்துக்கொள்ளும்.

தங்குபவரையும் கப்பல் பயணியையும் ஒரே எண்ணாக்குவது

இது மட்டும் இன்னும் எரிச்சலூட்டுகிறது. பஹாமாஸுக்கு 2024-இல் சுமார் 1.12 கோடிப் பேர் வந்தார்கள். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, தலைநகர் நசாவ் ஓட்டல்களில் மொத்தமாக அறை பிடித்துப் போடலாம் என்று ஒரு பையன் எழுதிக்கொண்டு வந்தான்.

"தம்பி, இதில் ராத்திரி அங்கே தூங்கினவர் எத்தனை பேர்?"

முழித்தான். சுமார் 94 லட்சம் பேர் கடல்வழியே வந்தவர்கள். பெரும்பாலோர் காலையில் இறங்கிச் சாயங்காலம் கப்பலுக்கே திரும்புகிறவர்கள். சாப்பாடும் படுக்கையும் அங்கேதான். விமானத்தில் வந்தவர்கள் 20 லட்சத்தைத் தொடவில்லை. அறை கேட்பவர்கள் அநேகமாக இவர்கள்தான். ஐ.நா. வரையறையும் இதைத்தான் சொல்கிறது: ஓர் இரவாவது தங்கினால்தான் சுற்றுலாப் பயணி, மற்றவர் ஒருநாள் வருகையாளர்.

செலவும் அப்படியே. கரீபியன் துறைமுகங்களில் கப்பல் பயணி கரையில் செலவிடுவது, கப்பல் நிறுவனங்களின் சங்கம் எடுக்கவைத்த கணக்கெடுப்பிலேயே, தலைக்குச் சுமார் 100 டாலர். தங்குபவருக்கு ஒரு ராத்திரி அறை வாடகையே அதைத் தாண்டிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கப்பல் நிறுவனங்கள் தங்களுக்கென்றே வைத்திருக்கும் கோகோகே போன்ற தீவுகளில் இறங்குபவர்களும் பஹாமாஸ் கணக்கில்தான் வருகிறார்கள். அங்கே கடற்கரையும் பஃபேயும் நிறுவனத்துடையவை. எண்ணிக்கை எகிறலாம், நசாவின் பே ஸ்ட்ரீட் கடைக்காரர் கல்லாவில் அது தெரியாமலே போகலாம்.

2021-ஐ அடிப்படை ஆண்டாக்குவது

வேண்டாம். கொரோனாவால் அந்த வருடம் ஜூன் கடைசி வரை அமெரிக்காவிலிருந்து கரீபியனுக்குப் பெரிய கப்பலே கிளம்பவில்லை.

தீவுக் கணக்குகளைக் கூட்டுவது

ஒரே ஆள் ஒரு வாரத்தில் மூன்று தீவில் இறங்கினால் மூன்று வருகை.

புயலை ரசனை மாற்றமாகப் படிப்பது

2017 செப்டம்பரில் இர்மா புயல் செயின்ட் மார்ட்டினின் விமான நிலையத்தையும் ஓட்டல்களையும் நொறுக்கியது. டிசம்பரிலேயே கப்பல்கள் வந்துவிட்டன. கட்டிலும் சமையலறையும் கூடவே வருகிறதே! ஓட்டல்கள் எழுந்து நிற்க அதைவிட எவ்வளவோ காலம் பிடித்தது. 2018-இல் கப்பல் பயணிகளின் பங்கு ஏறியதற்கு அதுதான் காரணம். "மக்கள் கப்பலுக்கு மாறிவிட்டார்கள்" என்று யாராவது எழுதினால் சிவப்புப் பேனாவை எடுப்பேன்.

இரவுகளை எண்ணாமல் விடுவது

ஆள் குறைந்து, தங்கும் நாள் கூடியிருக்கலாம். இரவுகள் இருக்கும் நெடுவரிசையையும் திறந்து பாருங்கள்.