மொட்டை மாடி இல்லையா? ஜன்னலோரத்தில் கீரை வளர்க்கும் முறை

வாடகை வீடு, இரண்டாவது மாடி, மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரரிடம். பால்கனி இருந்தாலும் துணி காயப்போடவே இடம் போதாது. இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு மாடித்தோட்டக் குறிப்புகள் எதுவும் உதவுவதில்லை. அவர்களுக்காகத்தான் இந்த விளக்கம். கம்பி போட்ட ஒரு ஜன்னலும் சமையலறை மேடையில் ஒரு முழ இடமும் இருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் எது வளரும் என்பதை முடிவு செய்வது வெளிச்சம்தான். தக்காளி, கத்தரி, வெண்டைக்கெல்லாம் தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அறைக்குள் வைத்தால் செடி நெடுநெடுவென்று போகும், பூ பிடிக்காது. கறிவேப்பிலையும் வெயில் கேட்கும் செடிதான். இலைக்காக வளர்ப்பவை மட்டும் குறைந்த வெளிச்சத்திலும் சமாளித்துக்கொள்ளும். வெந்தயம், புதினா, வெங்காயத்தாள், கற்பூரவல்லி, கொத்தமல்லி, தொடங்குவதற்கு இந்த ஐந்து போதும்.

படி 1: வெளிச்சத்தைப் பாருங்கள்

காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும், செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாகத் தெளிவாக நிழல் விழுந்தால் ஐந்தையும் வளர்க்கலாம். கை உருவம் மங்கலாகத் தெரிந்தால் கொத்தமல்லியை மட்டும் விட்டுவிடுங்கள். நிழலே விழவில்லை என்றால் விளக்கு வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிழக்கு ஜன்னல் அமைந்தால் யோசிக்கவே வேண்டாம், இளம்வெயில் இலைகளுக்கு நல்லது. மேற்கு ஜன்னலில் கோடைக்கு ஒரு பழைய வேட்டித் துணியைத் திரையாகக் கட்டிவிடுங்கள். வடக்கு ஜன்னலை ஒதுக்கிவிடாதீர்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் கொஞ்சம் வெயில் கிடைக்கும். அதன் பிறகு தெற்கு ஜன்னலின் முறை. அதனால் நிழல் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பச் செய்யுங்கள்.

படி 2: வெந்தயத்தில் தொடங்குங்கள்

அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் வெந்தயமே விதை. இரண்டு மேஜைக்கரண்டி எடுத்து இரவு ஊறவையுங்கள். ஹோட்டல் பார்சல் வந்த பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் சூடு காட்டிய ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, ஈரமான கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) இரண்டு அங்குலம் பரப்புங்கள். மேலே வெந்தயத்தை நெருக்கமாக, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, ஈரத்துணி போட்டு மூடுங்கள். இரண்டு, மூன்று நாளில் வேர் இறங்கிவிடும். துணியை எடுத்துவிட்டு ஜன்னலுக்கு நகர்த்துங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும், உரம் எதுவும் வேண்டாம். இந்த வயதில் செடி விதையில் இருக்கும் சத்தை வைத்தே வளர்ந்துவிடும். பன்னிரண்டு நாளில் கத்தரிக்கோலால் வெட்டி ரசத்திலோ பருப்பிலோ போடலாம்.

மூன்றாம் நாள் வாக்கில் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று தெரியும். பூஞ்சணம் என்று நினைத்து டப்பாவோடு குப்பையில் போடுபவர்கள் நிறைய. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வேரோடு ஒட்டிப் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி, அதாவது வேரில் முளைக்கும் மெல்லிய முடி, பயப்பட வேண்டாம். தண்ணீர் பட்டும் அப்படியே இருந்து, விதைக்கு விதை நூலாம்படை மாதிரி படர்ந்து, ஊசல் வாடையும் அடித்தால் அதுதான் பூஞ்சணம். அந்த டப்பாவைக் கொட்டிவிட்டு, அடுத்த தடவை விதையைக் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தூவுங்கள், மின்விசிறிக் காற்றும் படட்டும்.

இப்படி இளம் முளையாக வெட்டிச் சாப்பிடுவதற்கு விதைக்கடையில் சிவப்பு, நீலச் சாயம் ஏற்றி விற்கும் விதைகளை எடுக்கவே கூடாது, அது மருந்து கலந்த விதை. தக்காளி, கத்தரி நாற்றுகளையும் இப்படி வெட்டிச் சாப்பிடக் கூடாது, அவற்றின் இலையில் நச்சு உண்டு.

படி 3: புதினாவும் வெங்காயத்தாளும்

கடையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையைக் கிள்ளிய பிறகு தண்டைத் தூக்கிப் போடாதீர்கள். தடிமனான நாலைந்து தண்டை எடுத்து, ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, நுனியில் நாலு இலை மட்டும் விட்டு, தண்ணீர் ஊற்றிய டம்ளரில் நிறுத்துங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும், ஆகவே ஒரு கணுவாவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் வேர் பிடித்துவிடும். அப்புறம் அகலமான தொட்டிக்கு மாற்றுங்கள். புதினா பக்கவாட்டில் ஓடும் செடி, ஆழம் அதிகம் கேட்காது. நுனியை அடிக்கடி கிள்ளினால்தான் கிளை வெடிக்கும்.

கூடையில் முளைவிட்ட சின்ன வெங்காயத்தை வேர்ப்பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி சிறிய கிண்ணத்தில் நிறுத்தினால் வெங்காயத்தாள் வரும். முழுசாக மூழ்கினால் அழுகும். கற்பூரவல்லிக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு கிளையை ஒடித்து ஊன்றினால் வந்துவிடும்.

படி 4: கொத்தமல்லி

இதற்கு அரை அடி ஆழத் தொட்டி வேண்டும், வேர் நேராகக் கீழே இறங்கும். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் பிடிக்காது, நேரடியாக விதைத்துவிடுங்கள். கோகோபீட்டும் மண்புழு உரமும் சரிபாதி கலந்தால் போதும். கோகோபீட்டில் சத்து இல்லை, தண்ணீரைப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. கட்டியாக வாங்கியதை ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். தேங்காய் மட்டையிலிருந்து வந்த உப்பு அதில் தங்கியிருக்கும்.

கடையில் வாங்கும் ஒரு முழு மல்லிக்குள் இரண்டு விதை இருக்கிறது. சப்பாத்திக் கட்டையை மேலே லேசாக உருட்டி இரண்டாகப் பிரித்து, இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். முளைக்கப் பத்து நாள் கூட ஆகலாம், கிளறிப் பார்க்காதீர்கள். ஐப்பசியிலிருந்து மாசி வரை விதைத்தால் நன்றாக வரும். சித்திரை வெக்கையில் இலை விடுவதற்குள் பூத்துவிடும். நாற்பது நாள் வாக்கில் வெளித்தண்டுகளிலிருந்து வெட்டத் தொடங்கலாம்.

படி 5: தண்ணீர்

வீட்டுக்குள் செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் கூடியதால்தான். தொட்டிச் செடிகளுக்குத் தினமும் ஊற்ற வேண்டியதில்லை. விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள், ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் வேண்டாம். எப்போதும் ஈரமாகவே வைத்தால் மண்ணைச் சுற்றிக் குட்டிக் கறுப்பு ஈக்கள் பறக்கும். மேல்மண்ணைக் காயவிட்டாலே அவை குறையும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி நிறுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை மறக்காதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கும் தண்ணீரில்தான். வெப்பமான நாட்களில் ஒரு வாரத்திலேயே முட்டை கொசுவாகிவிடும். தட்டுத் தண்ணீரை அன்றன்றே கொட்டுங்கள். புதினா டம்ளரையும் வெங்காயக் கிண்ணத்தையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள்.

படி 6: வெளிச்சமே இல்லையென்றால்

செடிக்கென்று விற்கும் ஊதா விளக்கு தேவையில்லை. சாதாரண 20 வாட் வெள்ளை எல்இடி பேட்டன் (நீளமான குழல் விளக்கு) போதும், பெட்டியில் 6500கே என்று போட்டிருக்கும், பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை நிறம் என்று அர்த்தம். அலமாரித் தட்டின் அடியில் பொருத்தி, இலை நுனிக்கு ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும்படி வையுங்கள். தூரம் கூடக்கூட வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். செடி வளைந்து நீண்டால் விளக்கைத் தாழ்த்துங்கள், அல்லது தொட்டிக்கு அடியில் இரண்டு புத்தகம் வைத்து உயர்த்துங்கள். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு எட்டரை யூனிட்டுக்குள்தான் மின்சாரம் ஆகும். காலை ஆறு மணிக்குப் போட்டால் இரவு எட்டு மணிக்கு அணைத்துவிடலாம்.