கேம்பர் வேனில் பேட்டரி சார்ஜ் ஏறவில்லையா? புதுசு வாங்கும் முன் வயரைப் பாருங்கள்

ராத்திரி வேனுக்குள் ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தால் எல்லாரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க." எங்கள் ட்ராவலர் வேனுக்கும் அதையேதான் சொன்னார்கள். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, சார்ஜ்தான் அதுவரை போய்ச் சேரவில்லை. எங்கே தடைபடுகிறது என்று பிடிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன். என்ஜினுக்கு ஒரு பேட்டரி, லைட், ஃபேன், ஃப்ரிட்ஜுக்கெல்லாம் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி (இதை வீட்டு பேட்டரி என்கிறேன்), இரண்டுக்கும் நடுவே என்ஜின் ஓடும்போது இரண்டையும் இணைக்கும் தானியங்கி ஸ்விட்ச்சான ஒரு ரிலே. உங்கள் வண்டியிலும் இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கருவி என்று பார்த்தால் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். வயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குவதென்றால் டிசி ஆம்பியர் அளக்குமா என்று பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த பல மாடல்கள் ஏசி மட்டும்தான் அளக்கும், பேட்டரி வயரில் மாட்டினால் பேசாமல் பூஜ்யம் காட்டும். வேலையைத் தொடங்குமுன் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றி வையுங்கள். பேட்டரியைப் பிரிக்கும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

படி 1: ஓய்வில் எத்தனை வோல்ட்?

எல்லாவற்றையும் அணைத்து, சோலாரையும் துண்டித்து, சில மணி நேரம் சும்மா விட்டு அளக்கவும். சார்ஜரிலிருந்து எடுத்த உடனே அளந்தால் காட்டுவது பொய்க்கணக்கு. லெட்-ஆசிட் வகையில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 சுமார் பாதி, 11.8 என்றால் ஏறக்குறைய காலி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். காலியாகவே நிறுத்தி வைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

லித்தியம் போட்டிருப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். அதில் கடைசி வரை வோல்டேஜ் பெரிதாக மாறாது. ஷன்ட் (உள்ளே வரும், வெளியே போகும் கரண்ட்டை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர்தான் வழி.

படி 2: என்ஜின் ஓடும்போது

என்ஜின் பேட்டரியில் 14.2 வோல்ட் இருக்கிறது, வீட்டு பேட்டரியில் 12.6-க்கு மேல் ஏறவே இல்லை என்றால், ரிலே, ஃபியூஸ், வயர் மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. ரிலே 'டக்' என்று சத்தம் போடுவதை நம்பி விட்டுவிடாதீர்கள். உள்ளே தொடுமுனை கருகியிருந்தாலும் சத்தம் வரும்.

படி 3: வோல்டேஜ் எங்கே தொலைகிறது?

பலருக்கும் சிக்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மீட்டரை கன்டின்யூட்டியில் (வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) வைத்துப் பார்த்தால் மீட்டர் 'பீப்' அடிக்கும், வயர் சரி என்று முடிவு கட்டிவிடுவோம். அந்தச் சோதனையில் ஓடுவது துளியூண்டு கரண்ட். பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும். 20 ஆம்ப் ஓடும்போது அதே வயர் திணறும். ஆகவே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

வீட்டு பேட்டரி ஓரளவு இறங்கியிருக்கட்டும், என்ஜின் ஓடட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை என்ஜின் பேட்டரியின் பிளஸ்ஸில், இன்னொன்று வீட்டு பேட்டரியின் பிளஸ்ஸில். வயரைப் பிடித்திருக்கும் கிளாம்பின் மேல் வேண்டாம், ஈயக் கம்பத்தையே தொட வேண்டும். நீளம் போதாவிட்டால் ஒரு வயரை ஒட்டுப்போட்டுக் கொள்ளுங்கள். திரையில் வருவதுதான் வழியில் தொலையும் வோல்டேஜ். 0.3-க்கு மேல் இருந்தால் துரத்திப் பிடிக்க வேண்டியதுதான். ஃபியூஸின் இரு பக்கம், ரிலேயின் இரு பக்கம், ஒவ்வொரு லக் (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) என்று துண்டு துண்டாக அளந்துகொண்டே போனால் எங்கே அதிகம் காட்டுகிறதோ அங்கே திருடன்.

பிளஸ்ஸோடு நிறுத்திவிடாமல் மைனஸ் பக்கத்தையும் இதேபோல அளங்கள். எங்கள் வண்டியில் பிளஸ் பக்கம் சுத்தமாக இருந்தது. மைனஸில் 0.9 வோல்ட்! பாடி கட்டியவர்கள் எர்த் போல்ட்டைப் பெயின்ட்டின் மேலேயே முறுக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெற்று உலோகம் தெரிந்த பிறகு, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். ராமேஸ்வரம் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் உப்புக்காற்றுக்காக இதை வருஷா வருஷம் பாருங்கள்.

வயர் மெல்லியதாக இருந்தாலும் இதே கதைதான். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 5 மீட்டர் தூரம், போகவர 10 மீட்டர், 20 ஆம்ப் ஓடினால் 0.6 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 16 போட்டால் கால் வோல்ட்டுக்குள் அடங்கும். லக்கை சுத்தியலால் நசுக்குவது கூடவே கூடாது. சோலார் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்களிடம் லக்கை அழுத்திப் பிடிக்க வைக்கும் ஹைட்ராலிக் கிரிம்பர் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸை ஒட்டியே இருக்கட்டும். அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், அது காப்பாற்றுவது வயரை.

படி 4: நிறுத்தி வைத்தால் இறங்குகிறதா?

முதலில் இன்வெர்ட்டரை அணையுங்கள், இல்லாவிட்டால் மீட்டரின் ஃபியூஸ் போகும். மைனஸ் கேபிளைக் கழற்றி, கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்ப் துளையில் இணைக்கவும். அரை ஆம்ப் காட்டினாலே நாளொன்றுக்கு 12 ஆம்ப்-அவர். 100 ஆம்ப்-அவர் பேட்டரி நாலே நாளில் பாதி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை உருவும்போது எண் விழுகிறதோ அந்த லைன்தான். ஜிபிஎஸ் டிராக்கர், மியூசிக் சிஸ்டம், நீல விளக்கு எரியும் யூஎஸ்பி சாக்கெட் எல்லாம் வழக்கமான ஆசாமிகள். இன்வெர்ட்டர் சும்மா ஆனில் கிடந்தாலே குடிக்கும். அளந்து முடித்ததும் சிவப்பு லீடை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட்.

சோலார் பற்றி இரண்டே வரி. கன்ட்ரோலரில் பேட்டரியை முதலில் இணைத்துவிட்டு அப்புறம்தான் பேனலை இணைக்க வேண்டும். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு பேனலைத் திட்டாதீர்கள், ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் உற்பத்தி சரியும்.

பின்சேர்க்கை

"இன்டக்‌ஷன் அடுப்பு போட்டால் இன்வெர்ட்டர் கத்தி அணைகிறது, பேட்டரி ஃபுல்" என்று ஒருவர் கேட்டிருந்தார். 1000 வாட்ஸுக்கு 12 வோல்ட்டில் 90 ஆம்புக்கு மேல் ஓடும். அடுப்பு எரியும்போதே படி 3-ஐ பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே செய்து பாருங்கள். என்னைக் கேட்டால், வேனில் சமையலுக்கு கேஸ்தான்.

இன்னொருவருடையது பிஎஸ்6 வண்டி. வயரெல்லாம் சரி, ரிலே மட்டும் வந்து வந்து போகிறதாம். சில புது வண்டிகளில் ஆல்டர்னேட்டர் (என்ஜினோடு சுற்றி சார்ஜ் தரும் கருவி) வோல்டேஜை கம்ப்யூட்டரே இறக்கி ஏற்றும், ரிலே குழம்பிவிடும். அங்கே ரிலேக்குப் பதில், வரும் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் பேட்டரிக்குச் சரியான அளவில் தரும் டிசி-டிசி சார்ஜர்தான் தீர்வு. லித்தியத்துக்கும் அதுதான் நல்லது, ஆல்டர்னேட்டரிலிருந்து அளவுக்கு மீறி இழுத்து அதைச் சூடாக்காது. லித்தியத்தோடு லடாக் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி உள்ள பிஎம்எஸ்தானா (லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.